ஒல்லாந்து, ஃபிளாண்டர்ஸ் துறைமுக நகரங்கள்: ஓர் ஆற்றுவழிப் பயணம்



"கையில் துட்டு இல்லை" என்று சொல்லும் தமிழருக்கு ஒல்லாந்தரின் நினைவு வருவதில்லை. ஆயினும் அச்சொல் ஒல்லாந்தர் விட்டுச் சென்றதே. 'டெய்ட்' என்னும் அவர்தம் சிறு செப்புக்காசின் பெயரே தமிழர் நாவில் துட்டு எனத் திரிந்தது. 1613-இல் பழவேற்காட்டில் கெல்டிரியாக் கோட்டையை எழுப்பியவர்கள் அவர்கள். 1658-இல் நாகப்பட்டினத்தைப் போர்ச்சுகீசியரிடமிருந்து பறித்து, 1781 வரை வைத்திருந்தவர்களும் அவர்களே. சோழமண்டலக் கரையில் துணி வாங்கிய அந்த வணிகர் எந்த ஊர்களிலிருந்து கப்பலேறினர், அவ்வூர்கள் எவ்வாறு எழுந்தன, எவ்வாறு வீழ்ந்தன என்பதைக் கண்ணால் காண விரும்புவோர்க்கு இன்று ஒரு நல்ல வழி உண்டு. ஆம்ஸ்டர்டாமில் ஏறி, நெதர்லாந்தின் ஆறுகளிலும் கால்வாய்களிலும் தெற்கே இறங்கி, பெல்ஜியத்தின் வடபகுதியாகிய ஃபிளாண்டர்ஸ் நாட்டுத் துறைமுகங்களைக் கண்டு திரும்பும் ஆற்றுக்கப்பல் பயணமே அது.

பேருந்திலும் தொடர்வண்டியிலும் இதே நகரங்களை இன்னும் விரைவாகப் பார்க்கலாம். அவ்வாறு பார்ப்பவர்க்கு அழகிய மாடங்கள் தெரியும். அம்மாடங்கள் ஏன் அங்கே நிற்கின்றன என்பது தெரியாது. இந்நகரங்கள் ஒவ்வொன்றின் வாழ்வும் ஒரு நீர்வாயைச் சார்ந்திருந்தது. அவ்வாய் திறந்தபோது ஊர் செழித்தது, மூடியபோது வாடியது. சில வாய்களைச் சேறு மூடியது. சிலவற்றை மனிதரே மூடினர். நீர் வழியாகவே செல்பவர்க்கு மட்டும் இந்தக் கதை வரிசையாக விளங்கும்.

இந்த ஆற்றுக்கப்பல்கள் கடற்கப்பல்களைப்போல் மாடமாளிகைகள் அல்ல. 110 முதல் 135 மீட்டர் வரை நீளமும், ஏறத்தாழ 11 மீட்டர் அகலமும் உடையவை. மதகுத்தொட்டிகளில் நுழையவேண்டும் என்பதால் இதற்குமேல் அகலம் இயலாது. பாலங்கள் தாழ்வானவை, ஆகவே மாலுமி நிற்கும் அறையே கீழே இறங்கும்படி அமைத்திருக்கின்றனர். சில பாலங்களின் அடியில் செல்லும்போது மேல்தளத்தில் எவரும் நிற்கக் கூடாது. பெரும்பாலான துறைகளில் ஊரின் நடுவிலேயே கப்பல் நிற்கும். இறங்கி நடந்தால் சந்தைத் திடல் வந்துவிடும். சில மதகுத்தொட்டிகளில் கப்பல் நுழைந்ததும் இருபுறமும் சிறிது இடைவெளிதான் இருக்கும். கதவுகள் மூடி, நீர் ஏறியோ இறங்கியோ, மறுபுறக் கதவு திறக்கும்வரை எல்லோரும் பேச்சை விட்டு வேடிக்கை பார்ப்பர்.

உணவைப் பற்றி ஒரு சொல். ஒல்லாந்தர் தட்டில் உருளைக்கிழங்கு இல்லாத நாள் அரிது. மசித்த கிழங்குடன் கீரையோ கேரட்டோ கலந்ததே அவர்தம் குளிர்கால உணவு. கிழங்கு நீக்கிய மரக்கறி உணவு வேண்டுவோர் முன்பதிவின்போதே விவரமாக எழுதிக் கொடுத்துவிடுவது நலம். மரக்கறி என்று மட்டும் சொன்னால் முட்டையும் கிழங்கும் வந்து சேரும். கதிரவன் மறையுமுன் உண்ணும் நியமம் உடையோர்க்கு அந்நாட்டுக் கோடை பெருந்துணை. ஜூன் மாதத்தில் இரவு பத்து மணிக்குமேல்தான் ஆம்ஸ்டர்டாமில் கதிரவன் மறைவான். டிசம்பரில் சென்றால் நாலரை மணிக்கே தட்டை மூடவேண்டியிருக்கும்.

பயணம் ஆம்ஸ்டர்டாமில் தொடங்குகின்றது. ஆம்ஸ்டல் என்னும் ஆற்றின் குறுக்கே கட்டிய அணையே ஊருக்குப் பெயர் தந்தது. 1275-ஆம் ஆண்டுச் சுங்கச் சலுகை ஆவணம் ஒன்றே அவ்வூரைக் குறிக்கும் முதற்சான்று. சேற்று நிலத்தில் எழுந்த நகரம் அது. அதன் பழைய கட்டடங்கள் மரத்தூண்களின் மேல் நிற்கின்றன. 17-ஆம் நூற்றாண்டில் நகரமன்றமாகக் கட்டி, பின்னர் அரண்மனையாக மாறிய மாளிகையின் அடியில் மட்டும் 13,659 மரத்தூண்கள் உள்ளன. கால்வாய் ஓரத்து வணிகர் வீடுகளின் முகட்டில் ஒரு கொக்கி நீட்டிக்கொண்டிருக்கும். படகில் வந்த சரக்கைக் கயிற்றால் தூக்கி மேல்மாடியில் அடுக்குவதற்கான ஏற்பாடு அது. வணிகன் கீழே வாழ, அவன் தலைக்குமேல் மிளகும் துணியும் இருந்தன.

1602-இல் கிழக்கிந்தியக் கம்பெனி தோன்றியது. நாட்டு மக்கள் எவரும் அதில் பங்கு எழுதலாம் என்று அறிவித்தனர். ஆம்ஸ்டர்டாமில் மட்டும் 1,143 பேர் எழுதினர். டிர்க் வான் ஓஸ் என்னும் பெருவணிகர் வீட்டில்தான் பதிவேடு வைக்கப்பட்டிருந்தது. நாள் முடியும் வேளையில் அவ்வீட்டுப் பணிப்பெண்ணும் தன் சேமிப்பிலிருந்து நூறு கில்டர் எழுதினாள் என்பது அப்பதிவேட்டிலேயே இருக்கின்றது. அந்த வீட்டுத் தலைவர் ஆம்ஸ்டர்டாமில் பிறந்தவர் அல்லர், ஆண்ட்வெர்ப்பிலிருந்து வந்தவர். இந்தச் சிறு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வது நல்லது. பயணத்தின் கடைசித் துறையில் அதன் பொருள் விளங்கும்.

கம்பெனிக்கு ஆறு கிளைகள் இருந்தன: ஆம்ஸ்டர்டாம், மிடல்பர்க், டெல்ஃப்ட், ராட்டர்டாம், ஹோர்ன், எங்க்ஹைசன். அவற்றுள் ஹோர்னும் எங்க்ஹைசனும் ஆம்ஸ்டர்டாமுக்கு வடக்கே உள்ள சிற்றூர்கள். சில கப்பல்கள் அங்கும் நிற்கின்றன. அவை அக்காலத்தில் கடலோரத்தில் இருந்தன. 1932-இல் 32 கிலோமீட்டர் நீளமுள்ள பேரணை கட்டி அக்கடலை ஏரியாக்கிவிட்டனர். அந்நீர்ப்பரப்பின் மறுகரையில் ஹிண்டலோபன் என்றோர் ஊர். அவ்வூர் மகளிரின் பழைய மேலங்கி சோழமண்டலக் கரையின் பூப்போட்ட துணியால் தைத்ததாகும். தமிழில் சீட்டி என்றும் டச்சில் சிட்ஸ் என்றும் வழங்கும் துணி அது. கலங்காரி வேலைப்பாடுள்ள அங்கிகள் அந்நாட்டு அருங்காட்சியகங்களில் இன்றும் நிறம் மங்காமல் இருக்கின்றன.

ஹோர்ன் நகரச் சந்தையில் யான் பீட்டர்ஸோன் கூன் என்பவரின் சிலை 1893 முதல் நிற்கின்றது. அவ்வூரிற் பிறந்து, கம்பெனியின் கிழக்கு நாட்டுத் தலைவராக உயர்ந்தவர் அவர். சாதிக்காய் அந்நாளில் பாண்டாத் தீவுகளில் மட்டுமே விளைந்தது. அவ்வணிகத்தைத் தனியுரிமையாக்க 1621-இல் அவர் படை நடத்தினார். தீவு மக்களுள் பெரும்பாலோர் கொலையுண்டனர், பட்டினியால் மாண்டனர், அல்லது அடிமைகளாகக் கொண்டு செல்லப்பட்டனர். சிலையை அகற்றவேண்டும் என்பார் ஒருபுறம், அது வரலாறு என்பார் மறுபுறமாக நெடுநாள் வழக்கு நடந்தது. அகற்றவில்லை, அச்செயலையும் சொல்லும் புதிய குறிப்புப் பலகை ஒன்றை 2012-இல் வைத்தனர். ஒரு சாதிக்காயின் விலையைப் பற்றி அந்தப் பலகையின் முன் நின்று எண்ணாதவர் இருக்க முடியாது.

தெற்கே செல்லும் வழியில் கின்டர்டைக் என்னுமிடத்தில் 19 காற்றாலைகள் வரிசையாக நிற்கின்றன. பெரும்பாலானவை 1740-ஐ ஒட்டிக் கட்டியவை. அழகுக்காக நிறுவியவை அல்ல. தாழ்நிலத்தின் நீரை இறைத்து ஆற்றில் விடுவதே அவற்றின் தொழில். சுற்றுலாப் படங்களில் வருபவை இவையே என்பதால் நீட்டவேண்டியதில்லை. அடுத்து ராட்டர்டாம். 1940 மே 14-ஆம் நாள் ஜெர்மானிய விமானங்கள் கால்மணி நேர அளவிலேயே அதன் நடுப்பகுதியை எரித்துவிட்டன. எண்பதாயிரம் பேர் வீடிழந்தனர். நெஞ்சில் பெருந்துளையுடன் வானை நோக்கிக் கையுயர்த்தும் வெண்கல உருவம் ஒன்று துறையருகே நிற்கின்றது. நெஞ்சை இழந்த நகரம் என்பதே அதன் கருத்து. 1962 முதல் நாற்பதாண்டுகளுக்கு மேலாக உலகின் முதற்பெரும் துறைமுகமாக இருந்தது இவ்வூரே. டோர்ட்ரெக்ட் அதனினும் பழைய ஊர். மூன்று ஆறுகள் கூடும் முனையில் அமைந்து, 1299 முதல் அவ்வழி வரும் சரக்குகளை நிறுத்தி விற்கச் செய்யும் உரிமை பெற்றிருந்தது. மாலை நேரத்தில் அம்முனையில் நின்று படகுகள் மூன்று திசைகளில் பிரிவதைக் காண்பது இப்பயணத்தின் இனிய காட்சிகளுள் ஒன்று.

இனிக் கப்பல் சீலாந்து மாநிலத்துக்குள் நுழைகின்றது. நிலத்தைவிட நீரே மிகுதியான பகுதி அது. 1953 ஜனவரி 31-ஆம் நாள் இரவு, புயலும் உயரலையும் ஒருங்கு சேர, கரைகள் உடைந்தன. நெதர்லாந்தில் 1,836 பேர் மாண்டனர். அதன்பின் கடல்வாய்களை ஒவ்வொன்றாக அடைக்கும் பெருந்திட்டம் தொடங்கியது. கிழக்கு ஸ்கெல்டு என்னும் கடல்வாயையும் முழுவதும் அடைத்துவிடுவதே முதல் முடிவு. அடைத்தால் ஓதம் நின்றுவிடும். ஓதத்தை நம்பி வாழும் உயிர்கள் எல்லாம் அழியும். சிப்பி எடுப்போரும் மீனவரும் தம் பிழைப்புக்காக எதிர்த்தனர். இயற்கை ஆர்வலர் பறவைக்காகவும் புழு பூச்சிக்காகவும் எதிர்த்தனர். நோக்கங்கள் வேறாயினும் குரல் ஒன்றாயிற்று. அரசு 1976-இல் முடிவை மாற்றியது. வழக்கமான நாட்களில் திறந்திருக்கவும், புயல் வரும்போது மட்டும் இறங்கவும் 62 எஃகுக் கதவுகள் அமைத்தனர். செலவு பெருகியது, பணி 1986 வரை நீண்டது. ஆயினும் ஓதம் இன்றும் ஏறி இறங்குகின்றது. மக்களின் பாதுகாப்பை விட்டுக்கொடுக்காமலே கண்ணுக்குத் தெரியாத உயிர்களுக்கும் இடம் வைத்த இந்தக் கதவுகளைக் காணாமல் திரும்புவது பெருங்குறை.

இரண்டு நீர்வாய்களை மட்டும் அத்திட்டத்தில் அடைக்கவில்லை. ஒன்று ராட்டர்டாமுக்குச் செல்வது. மற்றொன்று மேற்கு ஸ்கெல்டு. பின்னது பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைக்குச் செல்லும் வழி. அவ்வழியை மூட அவர்களுக்கு உரிமை இல்லை, கரைகளைத்தான் உயர்த்தினர். முன்னொரு காலத்தில் அதே வழியை இருநூறு ஆண்டுகள் மூடிவைத்தவர்கள் இவர்களே.

சீலாந்தின் தலைநகர் மிடல்பர்க். அதன் அருகே ஃபேரெ என்னும் சிற்றூர். ஸ்காட்லாந்தின் கம்பளி வந்திறங்கிய துறை அது. ஸ்காட் வணிகர் வாழ்ந்த இரு வீடுகள் இன்றும் உள்ளன. 1961-இல் அணை கட்டியபின் அவ்வூருக்குக் கடல் இல்லை; ஏரிக்கரையில் பாய்ப்படகுகள் ஆடுகின்றன. அங்கே தேநீர் அருந்திவிட்டு மிடல்பர்க் செல்வதே பயணிகள் வழக்கம்.

கம்பெனியின் இரண்டாம் பெரிய கிளை மிடல்பர்க்கில் இருந்தது. நாகப்பட்டினத்துக்கும் பழவேற்காட்டுக்கும் வந்த கப்பல்களுள் பல இவ்வூருக்கு உரியவை. சீலாந்தின் காசுச்சாலையும் இங்கேதான் இருந்தது. கம்பெனியின் முத்திரை பொறித்த துட்டுகள் இங்கும் அடிக்கப்பட்டன. நகரின் அழகை 1940-இல் போர் எரித்தது. பின்னர்ப் பழையபடியே கட்டி எழுப்பினர். நகரமன்றத்தின் சிற்பங்களைப் பார்த்துவிட்டுக் கப்பலுக்குத் திரும்புவோரே பலர். ஆயினும் மிடல்பர்க்கில் பார்க்கவேண்டியது வேறொன்று உண்டு. அது சீலாந்து ஆவணக்காப்பகம்.

1720-இல் இவ்வூர் வணிகர் மற்றொரு கம்பெனி தொடங்கினர். முதலில் பல சரக்குகளில் முயன்று, பின்னர் அடிமை வணிகத்தில் ஊன்றினர். ஆப்பிரிக்கக் கரையில் மனிதரை வாங்கி, அட்லாண்டிக் கடலைக் கடந்து விற்கும் பயணங்கள் நூற்றுக்கு மேல் நடந்தன. அக்கம்பெனியின் கணக்கேடுகள் ஏறத்தாழ முழுமையாக எஞ்சியுள்ளன. அவற்றை யுனெஸ்கோ 2011-இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. கப்பலுக்கு ஆணி வாங்கிய செலவு, மாலுமியின் சம்பளம், மொச்சை மூட்டையின் விலை, ஒவ்வொரு மனிதரையும் வாங்கிய விலை, விற்ற விலை யாவும் அழகிய கையெழுத்தில் எழுதியிருக்கின்றனர். 'ஒற்றுமை' என்னும் பொருள்படும் பெயருடைய கப்பல் ஒன்று 1761-இல் புறப்பட்டது. அதன் மருத்துவர், நோயுற்றவரையும் மாண்டவரையும் நாள்தோறும் குறித்துவைத்தார். இரக்கத்தால் எழுதியதன்று அக்குறிப்பு. இழப்புக் கணக்குக்காக எழுதியது. கணக்கில் ஒரு காசும் பிசகாத நேர்மையாளர்கள் அவர்கள். பொய்க்கணக்கு எழுதாமையே வணிகனின் ஒழுக்கம் என்று எண்ணுவோர் அந்த ஏடுகளின் முன் சிறிது நேரம் நிற்கவேண்டும்.

இக்கதை ஆப்பிரிக்காவோடு நிற்கவில்லை. சோழமண்டலக் கரையில் பஞ்சம் வந்த ஆண்டுகளில், சோற்றுக்காகத் தம்மையும் பிள்ளைகளையும் விற்ற மக்களைக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆயிரக்கணக்கில் வாங்கிப் பத்தாவியாவுக்கு அனுப்பியது. பழவேற்காடும் நாகப்பட்டினமும் அதற்குத் துறைகளாயின. மண்டையோடு செதுக்கிய வாயிலையுடைய பழவேற்காட்டுக் கல்லறைத்தோட்டத்தில் ஒல்லாந்த வணிகர் பெயர்கள் கல்லில் உள்ளன. விற்கப்பட்டவர்களின் பெயரைத் தாங்கிய கல் எதுவும் அங்கில்லை.

சூரினாமிலும் கரிபியன் தீவுகளிலும் இருந்த அடிமைகளை ஒல்லாந்தர் 1863 ஜூலை 1-ஆம் நாள் விடுவித்தனர். சூரினாமில் ஓர் அடிமைக்கு முந்நூறு கில்டர் வீதம் இழப்பீடு வழங்கினர், கொடுத்தது உடைமையாளர்க்கு. விடுதலை பெற்றோரோ மேலும் பத்தாண்டுகள் அரசின் மேற்பார்வையில் தோட்டங்களிலேயே உழைக்கவேண்டும் என்று சட்டம் செய்தனர். மிடல்பர்க்கில் 2005-இல் ஒரு நினைவுச்சின்னம் எழுந்தது. 2023 ஜூலை 1-ஆம் நாள் நெதர்லாந்து அரசர் வெளிப்படையாக மன்னிப்புக் கோரினார். நூற்றறுபது ஆண்டுகள் கழித்து வந்த சொல், ஆயினும் வந்தது.

டெர்நேசன் மதகு வழியாகக் கப்பல் பெல்ஜியத்துக்குள் கென்ட் நகரை அடைகின்றது. ஸ்கெல்டும் லைஸும் கூடுமிடத்தில் அமைந்த ஊர். ஆங்கில நாட்டுக் கம்பளியை வாங்கித் துணியாக நெய்து செழித்தது. ஆற்றோரத்தில் அணிவகுத்து நிற்கும் தானியக்காரர், கொத்தனார் மன்ற மாளிகைகள் அச்செழிப்பின் சான்று. 1432-இல் நிறைவுற்ற வான் ஐக் சகோதரர்களின் பலிபீட ஓவியத்தைக் காணவே பலர் இங்கு வருகின்றனர். தமிழகத்துச் சமணக் குடும்பங்களுக்கு வேறொரு செய்தி மகிழ்ச்சி தரும். 2009 மே மாதம் முதல் இந்நகராட்சி வியாழக்கிழமையை மரக்கறி நாளாக ஊக்குவித்து வருகின்றது. நகர அளவில் இவ்வாறு ஒரு நாளை அறிவித்த முதல் ஊர் இதுவே என்பர். கட்டாயம் எதுவும் இல்லை. உணவு விடுதிகளும் பள்ளிகளும் விரும்பிச் சேர்ந்தன. இறைச்சியின்றி விருந்தே இல்லாத நாட்டில் இது சிறு செய்தி அன்று.

பிரூஜ் நகருக்குக் கென்டிலிருந்து பெரும்பாலும் பேருந்தில்தான் அழைத்துச் செல்கின்றனர். கப்பலில் புறப்பட்டவர் பேருந்தில் ஏறுவது ஏன் என்று கேட்டால், அவ்வூரின் வரலாறே விடையாகும். 1134-இல் வீசிய புயல் ஸ்வின் என்னும் கடற்கழியை ஆழப்படுத்தியது என்பர். அவ்வழியே கடல் பிரூஜுக்கு அண்மையில் வந்தது. 1277-இல் ஜெனோவா நாட்டு மரக்கலங்கள் நேரே வந்திறங்கின. ஹான்சா வணிகரும் இத்தாலியரும் ஸ்பானியரும் இங்கே தங்கினர். வான் டெர் பியூர்ஸ் என்னும் குடும்பம் நடத்திய சத்திரத்தின் முன் வணிகர் கூடிப் பேரம் பேசினர். ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் பங்குச்சந்தைக்கு வழங்கும் பெயர் அக்குடும்பத்தின் பெயரிலிருந்து வந்ததே. பின்னர் கழி தூர்ந்தது. சேறுதான் பிரூஜைக் கொன்றது என்று வழிகாட்டிகள் சொல்வர். அது பாதி உண்மை. 1488-இல் அந்நகரத்தார் தம் ஆட்சியாளர் மேக்சிமிலியனைப் பிடித்துச் சிறைவைத்தனர். அந்தப் பகையில் அவர் அயல்நாட்டு வணிகரை ஆண்ட்வெர்ப்புக்குச் செல்லுமாறு ஏவினார். சேற்றை வாரலாம்; போன வணிகரை வருவிப்பது அரிது.

வறுமை அவ்வூரைக் காத்தது என்பதும் ஒரு வியப்பு. புதிதாகக் கட்டப் பணம் இல்லாமையால் பழைய வீடுகள் நின்றன. 1892-இல் ஒரு நாவலாசிரியர் அதனை இறந்த நகரமாகச் சித்திரித்தார்; அந்த நூலே காண்போரை வரவழைத்தது. இன்று பகலில் மட்டும் வந்துபோவோர் பெருகிவிட்டதால், அத்தகையோரை ஈர்க்கும் விளம்பரத்தை நகராட்சி 2019-இல் நிறுத்திக்கொண்டது. ஆகவே அங்கே செல்வோர் கூட்டம் வடிந்த மாலைவரை தங்குவது நல்லது. ஒரு வாய்க்கால் பாலத்தில் நின்றால், அந்நீர் எங்கும் செல்லாமல் அசைவற்று இருப்பது அப்போதுதான் தெரியும்.

கடைசித் துறை ஆண்ட்வெர்ப். ஸ்கெல்டு ஆறு அங்கே அரைக் கிலோமீட்டர் அகலம். ஊரின் பழங்கதை ஒன்று: சுங்கம் கொடாத மாலுமிகளின் கையை வெட்டும் அரக்கன் ஒருவன் ஆற்றோரம் இருந்தான், பிராபோ என்னும் வீரன் அவன் கையையே வெட்டி ஆற்றில் எறிந்தான். 1887-இல் எழுந்த சிலை நகரமன்றத்தின் முன் அக்காட்சியைக் காட்டுகின்றது. அக்கதையை இவ்வூரார் ஏன் அவ்வளவு போற்றுகின்றனர் என்பது வரலாறு அறிந்தவர்க்கே விளங்கும்.

பிரூஜ் இழந்ததையெல்லாம் ஆண்ட்வெர்ப் பெற்றது. போர்ச்சுகீசியரின் மிளகு இங்கே விற்றது. 1531-இல் வணிகர் மன்றத்துக்கென்றே தனி மாளிகை கட்டினர். மக்கள்தொகை நூறாயிரத்தை எட்டியது. பின்னர் ஸ்பெயின் அரசுக்கு எதிரான கிளர்ச்சி. 1585 ஆகஸ்ட் 17-ஆம் நாள் நகரம் ஸ்பானியப் படைத்தலைவர் பார்மாவிடம் சரணடைந்தது. சீர்திருத்தச் சமயத்தார் நான்கு ஆண்டுகளில் கத்தோலிக்கராக மாறவேண்டும், அல்லது வெளியேறவேண்டும் என்பது கட்டளை. வடக்கே இருந்த ஒல்லாந்தர் ஆற்றின் வாயை மூடினர். சில ஆண்டுகளில் மக்கள்தொகை ஏறத்தாழப் பாதியாயிற்று. போனவர்கள் யார்? நெசவாளர், அச்சர், பொற்கொல்லர், வைரம் பட்டை தீட்டுவோர், பெருவணிகர். ஓவியர் ஃபிரான்ஸ் ஹால்ஸ் குழந்தையாக இருந்தபோது அவர் பெற்றோர் ஹார்லெம் சென்றனர். டிர்க் வான் ஓஸ் ஆம்ஸ்டர்டாம் சென்றார். பதினேழு ஆண்டுகள் கழித்து அவர் வீட்டில்தான் அந்தப் பங்குப் பதிவேடு திறக்கப்பட்டது. பழவேற்காட்டுக்கு வந்த கப்பல்களின் முதலில் ஒரு கணிசமான பங்கு ஆண்ட்வெர்ப் துரத்திவிட்ட மக்களின் பணம்.

1648-இல் சமாதானம் ஏற்பட்டபோதும் ஒல்லாந்தர் ஆற்றைத் திறக்கவில்லை. மூடிவைப்பதே உடன்படிக்கையின் ஒரு பகுதியாயிற்று. ஃபிரெஞ்சுப் படைகள் வந்தபின்னரே வழி திறந்தது. 1839-இல் பெல்ஜியத்தின் விடுதலையை ஏற்றபோது, ஸ்கெல்டில் வரும் கப்பல்களிடம் சுங்கம் வாங்கும் உரிமையை ஒல்லாந்தர் பெற்றுக்கொண்டனர். 1863-இல் பெல்ஜியமும் கடல்வணிக நாடுகள் பலவும் சேர்ந்து பெருந்தொகை கொடுத்து அச்சுங்கத்தை ஒழித்தன. சூரினாம் அடிமைகள் விடுதலை பெற்ற அதே ஆண்டு அது. அரக்கனின் கையை எறியும் சிலை எழுந்தது அதற்கு இருபத்து நான்கு ஆண்டுகள் பின்னர்.

ஆண்ட்வெர்ப்பின் வைர வணிகத் தெருக்கள் மைய ரயில் நிலையத்தை ஒட்டியவை. பிரேசிலில் 18-ஆம் நூற்றாண்டில் வைரம் கிடைக்கும்வரை ஐரோப்பாவுக்கு வந்த கற்கள் பெரும்பாலும் இந்தியாவினுடையவை. கற்கள் வந்தன, பட்டை தீட்டும் கலைஞர் ஆண்ட்வெர்ப்பிலிருந்து ஆம்ஸ்டர்டாம் சென்றனர், நூற்றாண்டுகள் கழித்துத் தொழில் மீண்டும் ஆண்ட்வெர்ப் வந்தது. அங்கே யூத வணிகரே நெடுங்காலம் முதன்மை பெற்றிருந்தனர். 1960-களிலிருந்து குஜராத்தின் பாலன்பூர்ச் சமணக் குடும்பங்கள் வந்து, சிறு கற்களின் வணிகத்தில் தொடங்கி, இன்று அத்தொழிலின் பெரும்பகுதியை நடத்துகின்றன. புறநகராகிய வில்ரைக்கில் அவர்கள் எழுப்பிய வெண்சலவைக்கல் கோயில் இந்தியாவில் செதுக்கி அங்கே கொண்டுசென்று பொருத்தியது. நகர்ச் சுற்றுலாத் திட்டத்தில் அது இராது. தனியே கேட்டுச் செல்லவேண்டும்.

இங்கும் கணக்குகள் உண்டு. அங்கோலாவிலும் சியரா லியோனிலும் உள்நாட்டுப் போர்களுக்கு வைரம் பணம் தந்தது என்பது வெளிப்பட்டபின், 2003 முதல் ஒவ்வொரு கச்சாக்கல் பொட்டலத்துக்கும் பிறப்பிடச் சான்று வேண்டும் என்ற கிம்பர்லி நடைமுறை வந்தது. தாளில் எழுதியது உண்மைதானா என்ற வினா அத்துடன் தீர்ந்துவிடவில்லை. 2024 தொடக்கத்திலிருந்து ரஷ்ய வைரத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்துள்ளது. ஆய்வுக்கூடத்தில் விளையும் கற்கள் விலையைக் குறைத்துவருகின்றன. பட்டை தீட்டும் வேலையில் பெரும்பகுதி சூரத்தில் நடக்கின்றது. பேரம் துபாய் நோக்கிச் சாய்கின்றது. பிரூஜின் வணிகர் சத்திரத்தைக் கண்டு வந்தவர்க்கு இத்தெருக்களில் நடக்கும்போது அந்த அசைவற்ற வாய்க்கால் நினைவுக்கு வரும். ஆண்ட்வெர்ப் துறைமுகமும், பிரூஜின் கடற்கரைத் துறையாகிய ஸேபுரூஜும் 2022-இல் ஒரே நிறுவனமாக இணைந்துவிட்டன. வணிகரைப் பறித்துக்கொண்ட ஊரும் பறிகொடுத்த ஊரும் இன்று ஒரே கணக்கேட்டில் உள்ளன.

திரும்பும் வழி வேறு. ஸ்கெல்டையும் ரைனையும் இணைக்கும் கால்வாயை இரு நாடுகளும் உடன்பட்டு 1975-இல் திறந்தன. கிரேக்ராக் மதகில் சரக்குப் படகுகளுடன் கப்பல் காத்திருக்கும். அப்படகுகளில் குடும்பங்களே வாழ்கின்றன. பின்பக்கத்து வீட்டறையில் சன்னல் திரையும் பூந்தொட்டியும், கொடியில் குழந்தைத் துணியும், கூரையின் மேல் ஒரு மோட்டார் காரும் தெரியும். ஒன்றில் நெதர்லாந்துக் கொடி பறக்கும். பக்கத்ததில் பெல்ஜியக் கொடி. ஒரு படகுக்காரி மற்றவளிடம் ஏதோ கேட்டு, கைநீட்டி ஒரு கிண்ணத்தை வாங்கிக்கொள்வாள். அதற்குள் நீர் சமனாகி, முன்கதவு மெல்லத் திறக்கும்.